மீட்பது வேறு, திருப்பி வாங்குவது வேறு

கேள்வி இதுதான்: "மீட்பு என்றால் திரும்பக் கொண்டுவருவது என்று அகராதியில் இருக்கிறது. அப்படியானால் மீண்டும், மீட்சி, மீளாத் துயரம், வீணை மீட்டுவது எல்லாம் ஒரே வேரா? மூலச் சொல் எது?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அவசரமாக வந்தவர்கள் இதோடு போய்விடலாம். வீணையைத் தவிர மற்ற எல்லாம் ஒரே குடும்பம்தான். வேர் 'மீள்'. அதன் அடிப்படைப் பொருள் திரும்புதல். வீணை மட்டும் வேறு வீட்டுப் பிள்ளை, அதைக் கடைசியில் பார்க்கலாம். ஆனால் 'திரும்பக் கொண்டுவருவது' என்று அகராதி சொல்வது பாதிப் பொருள். மீதிப் பாதியை விட்டுவிட்டால், நம் ஆட்கள் எந்த இடத்தில் 'மீட்டான்' என்கிறார்கள், எந்த இடத்தில் 'திருப்பி வாங்கினான்' என்கிறார்கள் என்பது புரியவே புரியாது.

சரி, வடிவத்திலிருந்து தொடங்குவோம். 'அழி' என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். தானாக நடந்தால் அழிந்தது, ஒருவர் செய்தால் அழித்தது. ஒன்றில் 'ந்த்', இன்னொன்றில் 'த்த்'. 'மீள்' என்பதும் அப்படியே நடக்கிறது, ஆனால் ளகரம் நடுவில் புகுந்து ஆளை மாற்றிவிடுகிறது. மீள் + ந்து என்றால் மீண்டு. மீள் + த்து என்றால் மீட்டு. அதாவது மீண்டானும் மீட்டானும் உண்மையில் அழிந்தானும் அழித்தானும் மாதிரிதான், முகம் கொஞ்சம் மாறியதால் இரண்டு வேறு சொல் போலத் தெரிகிறது. நிகழ்காலத்தில் மீள்கிறான், மீட்கிறான். 'கேள்' கேட்கிறான், கேட்டான் என்று வருவதுபோல இதுவும் மீட்கிறான், மீட்டான். பெயர்ச்சொல்லிலும் இந்த இரட்டைத்தன்மை தொடர்கிறது: தானாகத் திரும்பினால் மீட்சி (ஆள், ஆட்சி, நீள், நீட்சி என்பதுபோல), ஒருவர் கொண்டுவந்தால் மீட்பு. கம்பன் காவியத்தில் யுத்த காண்டத்தின் முடிவுப் பக்கம் ஒரு படலத்துக்கு 'மீட்சிப் படலம்' என்று பெயர். ராமன் அயோத்திக்குத் திரும்புவது அது. சீதை சிறையிலிருந்து வெளியே வருவதும் அந்தப் படலத்தில்தான், ஆனால் படலத்தின் பெயர் மீட்பு என்று இல்லை, மீட்சி என்றுதான் இருக்கிறது.

இங்கேயே ஒரு எழுத்துப்பிழையைச் சொல்லிவிட்டுப் போகிறேன், பார்க்கும்போதெல்லாம் கண்ணில் குத்துகிறது. 'மீட்க்கப்பட்டது' என்று எழுதுகிறார்கள். ட் என்ற வல்லின மெய்க்குப் பின்னால் இன்னொரு க் நிற்க இடமே இல்லை. மீட்கப்பட்டது, அவ்வளவுதான். கேட்க்கிறேன் என்று எழுதுவதும் இதே நோய். அதேபோல 'நோயிலிருந்து மீண்டும் வந்தார்' என்று செய்தியில் படித்தால் நான் ஒரு நொடி நின்றுவிடுவேன், ஏனென்றால் அவர்கள் சொல்ல வந்தது 'மீண்டு வந்தார்'. ஒரு 'ம்' கூடிப்போய், குணமான மனிதரை எத்தனையோ தடவை ஆஸ்பத்திரிக்கு அலைய விட்டாற்போல ஆகிவிடுகிறது.

அந்த 'ம்' சும்மா வந்ததில்லை, அதற்கும் ஒரு கதை உண்டு. மீண்டும் என்பது மீண்டு + உம். 'திரும்பி வந்து' என்ற வினையெச்சம் அப்படியே உறைந்துபோய் 'இன்னொரு தடவை' என்ற பொருளில் நின்றுவிட்டது. இது இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் நடந்ததும் இல்லை. திரும்பவும் என்பதைப் பாருங்கள், அதே கதை: திரும்ப + உம். 'திரும்பச் சொல்லு' என்கிறோம், அதில் யாரும் உடம்பைத் திருப்பச் சொல்லவில்லை. பழைய நூல்களில் 'மீட்டும்' என்ற வடிவமும் இதே 'மறுபடியும்' என்ற பொருளில் வரும். ஈழத் தமிழில் 'மீளவும்' என்பது இன்றும் சாதாரணமாகப் புழங்குகிறது. ஆக ஒரே வினையின் மூன்று எச்ச வடிவங்கள், மூன்றும் 'இன்னொரு தடவை' என்ற இடத்தில்தான் வந்து உட்கார்ந்திருக்கின்றன. தமிழன் காலத்தை ஒரு பாதைபோல நினைத்திருக்கிறான், ஒரு செயல் இரண்டாம் தடவை நடந்தால் அது போன வழியே திரும்பி வந்திருக்கிறது என்று அவன் காதில் பட்டிருக்கிறது.

அடுத்து மலையாளம். அங்கே மறுபடியும் என்பதற்கு 'வீண்டும்' என்று சொல்வார்கள். முதல் தடவை கேட்கும் தமிழனுக்கு அது 'வீண்' போலக் கேட்கும், ஆனால் நம் மீண்டும்தான் அது. மகரமும் வகரமும் இடம் மாறிக்கொள்வது நமக்குப் பழக்கமான ஒன்று: மிஞ்சு என்றும் சொல்கிறோம், விஞ்சு என்றும் சொல்கிறோம், வானம் பார்த்த பூமி என்று எழுதிவிட்டு மானம் பார்த்த பூமி என்று பேசுகிறோம். மலையாளத்தில் இழந்ததைத் திரும்பப் பெறுவது 'வீண்டெடுக்குக', நாம் சொல்லும் மீட்டெடு. இதில் எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், அவர்கள் 'ண்ட' வடிவத்தோடு எடு சேர்த்தார்கள், நாம் 'ட்ட' வடிவத்தோடு எடு சேர்த்தோம். ஒரே பெட்டியிலிருந்து ஆளுக்கு ஒரு கைப்பிடியை எடுத்துக்கொண்டு போனதுபோல.

இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், இணையத்தில் அடிக்கடி உலவும் ஒரு வேர் விளக்கம் இருக்கிறது: மீ என்றால் மேல், மீள் என்றால் மேலே வருவது, ஆகவே மீட்பு என்றால் கிணற்றில் விழுந்தவனை மேலே தூக்குவது, அதிலிருந்துதான் எல்லாம் வந்தது என்று. கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு நம்பிக்கை இல்லை. மேல் என்ற பொருளில் வரும் மீ, மீது எல்லாம் மலையாளத்துக்குப் போனாலும் மகரத்தோடுதான் நிற்கின்றன, மேலே என்பதற்கு அங்கே 'மீதெ' என்பார்கள், 'வீதெ' என்று யாரும் சொல்வதில்லை. மீள் பக்கம் மட்டும்தான் வகரம் தலைகாட்டுகிறது. இது ஒன்றே போதுமான சான்று என்று சொல்ல மாட்டேன், ஒலி மாற்றம் எப்போதும் ஒழுங்காக நடப்பதில்லை. ஆனால் பொருளும் ஒத்துவரவில்லையே. தூக்குதல் என்ற பொருள் அடியில் இருந்திருந்தால் மீண்டும் என்பது 'மேலும்' என்ற பக்கம்தானே போயிருக்க வேண்டும்? அது 'திரும்பவும்' என்ற பக்கம் போயிருக்கிறது. அடியில் இருப்பது திரும்புதல், மேலெழுதல் இல்லை.

இப்போது நான் மீதிப் பாதி என்று சொன்ன இடத்துக்கு வருவோம்.

பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் குடையை வாங்கிக்கொண்டு போனார், ஒரு வாரம் கழித்து நீங்கள் போய்க் கேட்டு வாங்கி வந்தீர்கள். 'குடையை மீட்டேன்' என்று சொன்னால் கேட்பவர் சிரிப்பார், இல்லாவிட்டால் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் எப்படிப்பட்ட ஆள் என்று விசாரிப்பார். குடை திரும்ப வந்திருக்கிறது, கொண்டுவந்ததும் நீங்கள்தான், அகராதிப் பொருள் அட்சரம் பிசகாமல் பொருந்துகிறது, ஆனாலும் சொல் பொருந்தவில்லை. ஏனென்றால் மீட்பதற்கு மூன்று விஷயம் வேண்டும். பொருள் முன்பே உங்களுடையதாக இருந்திருக்க வேண்டும். இப்போது அது ஒரு பிடியில் இருக்க வேண்டும், அது பகைவனாக இருக்கலாம், கடனாக, நோயாக, வெள்ளமாக, எதுவாகவும் இருக்கலாம். அந்தப் பிடியைத் தளர்த்த நீங்கள் ஏதாவது கொடுத்திருக்க வேண்டும், பணமோ உழைப்போ உயிரோ. குடையில் பிடி இல்லை, விலையும் இல்லை, அதனால் மீட்பும் இல்லை.

உயிரைக் கொடுத்து மீட்ட கதைகள் தமிழில் கல்லிலேயே இருக்கின்றன. பழைய காலப் போர் பெரும்பாலும் மாட்டிலிருந்துதான் தொடங்கும். ஒரு ஊரின் மாட்டு மந்தையை இன்னொரு ஊரார் ஓட்டிக்கொண்டு போவது வெட்சி, ஊர்க்காரன் துரத்திப்போய்த் திருப்பி ஓட்டி வருவது கரந்தை. பள்ளிக்கூடத்தில் புறத்திணை படித்தவர்களுக்கு 'வெட்சி நிரைகவர்தல் மீட்டல் கரந்தையாம்' என்ற வெண்பா அடி நினைவிருக்கும். கவர்தல் ஒரு பக்கம், மீட்டல் ஒரு பக்கம், நேருக்கு நேர். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தொல்காப்பியம் கரந்தையைத் தனித் திணையாகப் பிரிக்கவில்லை, வெட்சிக்குள்ளேயே வைத்துப் பேசுகிறது, அந்தச் செயலை அது 'ஆபெயர்த்துத் தருதல்' என்கிறது. பெயர்த்தல் என்றால் இருந்த இடத்திலிருந்து நகர்த்தித் திருப்புவது. பிற்காலத்து ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையில்தான் கவர்வதும் மீட்பதும் தனித்தனித் திணையாக நிற்கின்றன. ஆக, தொல்காப்பிய நூற்பாவில் 'பெயர்த்துத் தருதல்' நின்ற இடத்தில் அந்த வெண்பாவில் 'மீட்டல்' வந்து நிற்கிறது. திருப்பி ஓட்டுவது என்ற செயல் எப்போதும் இருந்தது, ஆனால் திருடனும் காவல்காரனும் ஒரே வீரத்தின் இரண்டு பக்கம் என்ற பார்வை போய், இரண்டும் வேறு வேறு அறம் என்ற பார்வை வந்தபோது இரண்டுக்கும் எதிரெதிரான சொற்கள் தேவைப்பட்டன என்றே நான் இதைப் படிக்கிறேன்.

தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகல்லில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் 'கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்' என்று இருக்கிறது. கூடலூரில் நடந்த ஆகோளில் இறந்த அந்தவனுக்கு வைத்த கல். ஆகோள் என்பது தொல்காப்பியத்திலும் வரும் சொல், மாட்டைக் கவர்வது என்று பொருள். ஆனால் அந்தவன் மாட்டைக் கவரப் போனவனா, காக்கப் போனவனா என்று அந்தக் கல் சொல்லவில்லை. பிற்காலத்து வட்டெழுத்து நடுகற்களுக்கு வந்தால் அந்தக் குழப்பம் பல இடங்களில் தீர்ந்துவிடுகிறது, 'தொறு மீட்டுப் பட்டான்' என்று பச்சையாகவே எழுதிவிடுகிறார்கள். தொறு என்றால் மந்தை, பட்டான் என்றால் செத்தான். மூன்றே சொல். மந்தை திரும்பி வந்தது, ஆள் வரவில்லை. மீட்டான் ஆனால் மீளவில்லை என்று நம் இலக்கணத்தை வைத்துக்கொண்டு சொல்லலாம்.

பணம் கொடுத்து மீட்பது அடுத்தது. எழுத்தில் மட்டும் வாழும் சொல் என்று பலர் நினைக்கும் 'மீள்', பேச்சுத் தமிழில் இன்றுவரை உயிரோடு இருக்கும் முக்கியமான இடம் அடகும் ஒற்றியும்தான். நிலத்தை ஒற்றி வைத்தால் ஒற்றி மீட்பது, நகையை அடகு வைத்தால் அடகு மீட்பது. 'போன மாசம்தான் மீட்டேன்' என்று சொல்பவர் எதை மீட்டார் என்று சொல்லவே வேண்டாம், கழுத்தைப் பார்த்தால் போதும். இன்னொரு வழக்கு 'நகையைத் திருப்பணும்' என்பது. கவனியுங்கள், இதுவும் திரும்புதல் என்ற அடியிலிருந்துதான் வருகிறது. மீள் என்ற பழைய சொல் எந்தப் பாதையில் நடந்து 'விலை கொடுத்து விடுவித்தல்' என்ற பொருளுக்கு வந்ததோ, அதே பாதையில் திருப்பு என்ற பிற்காலச் சொல்லும் நடந்து அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. யாரும் வழி சொல்லிக் கொடுக்கவில்லை. கெடு தாண்டிப் போய் நகை கையை விட்டுப் போய்விட்டால் அதற்குச் சொல்வது 'மூழ்கிப் போச்சு'. இந்த ஒரு சொல்லுக்காக மேலே நான் மறுத்த 'மேலே தூக்குதல்' கட்சிக்காரர்களுக்கு ஒரு ஆறுதல் பரிசு கொடுக்கலாம். வேரில் அந்தப் பொருள் இல்லாவிட்டாலும், பேசுபவர்கள் மனதில் மீட்பதும் மூழ்குவதும் எதிர்ச்சொல்லாக உட்கார்ந்துவிட்டன. (மீட்டர் வட்டியில் இருக்கும் மீட்டருக்கும் இதற்கும் உறவில்லை. அதை ஒருவர் என்னிடம் நிஜமாகவே கேட்டிருக்கிறார்.)

பொருளை மட்டுமல்ல, ஆளையும் அடகு வைத்த காலம் ஒன்று இருந்தது, விற்ற காலமும் இருந்தது. அந்தப் பின்னணியைத் தெரிந்துகொண்டு சுந்தரரின் திருவாரூர்ப் பதிகத்தைப் படித்தால் முதல் சொல்லே வேறு மாதிரி கேட்கும்: 'மீளா அடிமை உமக்கே ஆளாய்'. கதை தெரிந்ததுதான். திருவெண்ணெய்நல்லூரில் சிவன் கிழவர் வேடத்தில் வந்து, நீ எனக்கு வழிவழி அடிமை, இதோ பார் ஆளோலை என்று பத்திரத்தை நீட்டி வழக்காடி சுந்தரரை ஆட்கொண்டார். பிற்பாடு திருவொற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த சத்தியத்தை மீறியதால் சுந்தரருக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது, காஞ்சியில் ஒரு கண் வந்தது, இன்னொன்றைத் திருவாரூரில் கேட்கிறார். கேட்கும்போது எடுத்த எடுப்பில் 'மீளா அடிமை' என்கிறார். விலை கொடுத்து மீட்க முடியாத அடிமை, நானாகத் திரும்பிப் போகவும் முடியாத அடிமை, இரண்டும் அந்த 'மீளா'வுக்குள் இருக்கிறது. அடுத்த அடியிலேயே எதுகையாக 'மூளாத் தீப்போல்' என்று வருகிறது, வெளியே பற்றாமல் உள்ளேயே கனலும் நெருப்பு. அதாவது ஆளோலை காட்டிப் பிடித்தீரே, ஆண்டான் என்றால் அடிமையின் கண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டாமா என்று சட்டம் பேசுகிறார். பதிகம் முழுக்க அந்தக் கோபம்தான், 'வாழ்ந்து போதீரே' என்று சபிக்கிறாரா வாழ்த்துகிறாரா என்றே தெரியாத முடிப்பு வேறு. கண்ணை மீட்டுக் கொடு என்று கேட்க வந்தவர், தன்னை மீட்க முடியாது என்று சொல்லிக் கேட்கிறார். எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது.

மீளாத் துயரம், மீளாத் துயில் எல்லாம் இந்த மீளாவின் சொந்தக்காரர்கள். இப்போது இரங்கல் சுவரொட்டியில் அடித்து அடித்துத் தேய்ந்துபோன சொற்களாகிவிட்டன, அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வல்லினம் வந்தால் நடுவே அதே வல்லின மெய்யைப் போடுங்கள், உயிரெழுத்து வந்தால் வேண்டாம்.

கிறிஸ்தவத் தமிழில் இந்தச் சொல்லுக்கு ஒரு தனி வாழ்க்கை உண்டு. பழைய புராட்டஸ்டன்ட் மொழிபெயர்ப்பில் இரட்சகர், மீட்பர் என்று இரண்டும் வருகிறது, இரண்டும் ஒன்று இல்லை. இரட்சி என்பது வடமொழி, காப்பாற்றுதல் என்று பொருள். மீட்பு அங்கே பெரும்பாலும் விலை கொடுத்து விடுவிப்பது. லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தில் வறுமையால் காணியை விற்றவனுக்காக அவன் இனத்தான் வந்து மீட்பதைப் பற்றி வருகிறது. நம் ஒற்றி மீட்பு தெரிந்தவனுக்கு அந்த அதிகாரத்துக்கு விளக்கவுரையே தேவையில்லை. யோபு 'என் மீட்பர் உயிரோடிருக்கிறார்' என்று சொல்வதும் இந்த உறவுக்காரன் கணக்கில்தான். ஆனால் லூக்கா 2-ஆம் அதிகாரத்தில் தேவதூதன் மேய்ப்பர்களிடம் சொல்லும்போது பழைய மொழிபெயர்ப்பில் இரட்சகர் பிறந்திருக்கிறார். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் அதே இடத்தில் மீட்பர் பிறந்திருக்கிறார். வடசொல்லைக் குறைக்க வேண்டும் என்று மீட்பர் இரண்டு வேலையையும் ஏற்றுக்கொண்டார். தமிழாக அது நன்றாகவே இருக்கிறது, எனக்கும் மீட்பர்தான் பிடிக்கிறது. ஆனால் காப்பாற்றுவதற்கும் விலை கொடுத்து வாங்குவதற்கும் இருந்த வேலி அங்கே சரிந்துவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த வேலி சரிந்ததால்தான் இன்றைய மீட்புப் பணி சாத்தியமானது என்றுகூடச் சொல்லலாம். தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை கிணற்றில் விழுந்த ஆட்டையும் வெள்ளத்தில் மாட்டிய குடும்பத்தையும் 'மீட்கிறது'. அங்கே பொருள் முன்பே உங்களுடையது என்ற நிபந்தனை போய்விட்டது. பிடி இருக்கிறது, உழைப்பு இருக்கிறது, ஆனால் உடைமை இல்லை. ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த குழந்தை தீயணைப்பு வீரருடையது இல்லையே. நீங்கள் கேட்கலாம், அப்போது 'உயிருடன் மீட்பு' என்பது தப்பா என்று. தப்பில்லை. திரும்ப வருவது குழந்தை, வருமிடம் நம் பக்கம். 'உடல் மீட்பு' என்பதையும் எழுதுகிறார்களே, அதில் பிடியை விட்டு வந்ததே தவிர வேறொன்றும் திரும்பி வரவில்லை. அந்தத் தலைப்பைப் படிக்கும்போதெல்லாம் சொல் பாதி வழியில் நின்றுவிட்டதுபோல இருக்கும்.

யார் பக்கம் நின்று பேசுகிறோம் என்பது இந்தச் சொல்லில் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஸ்ரீபுரந்தான் நடராஜர் நல்ல உதாரணம். அரியலூர் மாவட்டத்துக் கோயிலிலிருந்து திருடுபோன சோழர் காலச் செப்புத் திருமேனி, 2008-இல் கான்பெராவில் இருக்கும் ஆஸ்திரேலிய தேசியக் காட்சியகம் அதைப் பெரும் பணம் கொடுத்து வாங்கியது, திருட்டுப் பொருள் என்று வெளிவந்த பின் 2014-இல் இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். அவர்கள் பக்கமிருந்து பார்த்தால் திருப்பிக் கொடுத்தார்கள். நம் பக்கத்திலிருந்து பார்த்தால் சிலை மீட்கப்பட்டது. ஒரே விமானப் பயணம்தான், வினை வேறு. 'ஆஸ்திரேலியா சிலையை மீட்டது' என்று யாரும் எழுத முடியாது, எழுதினால் நாம் திருடியதாக ஆகிவிடும். பஞ்சமி நில மீட்பு, கோயில் நில மீட்பு, கச்சத்தீவு மீட்பு என்று கோஷங்களில் இந்தச் சொல் வந்து உட்கார்வதற்கும் இதுதான் காரணம். 'மீட்போம்' என்று சொன்ன நொடியிலேயே அது எங்களுடையது என்ற வாதத்தையும் சேர்த்தே சொல்லிவிட்டீர்கள், தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. மேடைப் பேச்சாளர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

கலைச்சொல் பக்கம் கொஞ்சம். 'மீள்' இப்போது முன்னொட்டுபோல எங்கு பார்த்தாலும் ஒட்டப்படுகிறது: மீள்பார்வை, மீள்வாசிப்பு, மீள்பதிவு, மீள்குடியேற்றம், மீள்திறன். 'மறு' என்ற சொல்லோடு இதற்கு ஒரு எல்லைத் தகராறு இருக்கிறது. என் கணக்குப்படி மறு என்பது இன்னொன்று, இரண்டாவது. மீள் என்பது பழைய இடத்துக்கே வருவது. போரில் துரத்தப்பட்டவர் தன் சொந்தக் காணிக்கே திரும்பினால் மீள்குடியேற்றம். அணை கட்டுவதற்காக ஊரைக் காலிசெய்து வேறு இடத்தில் வீடு கொடுத்தால் அது மறுகுடியமர்வு. இரண்டையும் ஒன்றாக எழுதினால் பெரிய அநியாயம் ஒன்று சின்ன எழுத்துக்குள் ஒளிந்துகொள்ளும். மறுமணம் என்பதை யாரும் மீள்மணம் என்று சொல்லாததும் இதனால்தான், சொன்னால் விவாகரத்தான அதே ஆளையே திரும்பக் கட்டிக்கொண்டதாகப் பொருள் வரும். இயற்பியல் பாடப்புத்தகக்காரர்கள் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள்: இழுத்து விட்ட கம்பி பழைய வடிவத்துக்கே வருவது மீட்சிப் பண்பு, அப்படி இழுத்துக்கொண்டு வருவது மீள்விசை, ஒரு அளவுக்கு மேல் இழுத்தால் திரும்பி வராது, அந்த அளவு மீட்சி எல்லை. தானாகத் திரும்புவதால் மீட்சி, மீட்பு இல்லை. கணினியில் அழிந்த கோப்பைத் திரும்பக் கொண்டுவருவதற்கு மீட்டெடு, அங்கே அது மிகப் பொருத்தம், கோப்பு உங்களுடையது, அழிவின் பிடியில் இருக்கிறது, அதை வெளியே எடுக்க நீங்கள் படும் பாடு இருக்கிறதே, அது விலையில் சேர்த்தி.

கடைசியாக வீணை. வீணையை மீட்டுவது என்ற வினை மீட்டினாள், மீட்டுகிறாள் என்று நடக்கும். நகையை மீட்பது மீட்டாள், மீட்கிறாள் என்று நடக்கும். 'வீணையை மீட்டாள்' என்று எழுதினால் அடகுக் கடையிலிருந்து எடுத்து வந்திருக்கிறாள் என்று பொருள். இந்த மீட்டு தெலுங்கிலும் கன்னடத்திலும் அதே வல்லொலி டகரத்தோடு (mīṭu) இருக்கிறது, டகரம் இரட்டிப்பதில்லை, அவ்வளவுதான். தெலுங்கில் வீணைத் தந்தியை விரலால் சுண்டுவது அது, கன்னடத்தில் சுண்டுவதோடு நெம்புவதும் அது. சுண்டுதல், நெம்புதல், விரல் நுனியால் தெறித்தல் என்ற பக்கம் அதன் பொருள் போகிறதே தவிர, திரும்புதல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதனால்தான் ஆரம்பத்திலேயே வேறு வீடு என்றேன்.

ஆனால் இரண்டு வீடும் ஒரு இடத்தில் சுவரைப் பகிர்ந்துகொள்கின்றன. 'பழைய நினைவுகளை மீட்டிப் பார்த்தேன்' என்று எழுதுகிறோம் இல்லையா, அதில் இருப்பது எந்த மீட்டு? தந்தியைச் சுண்டியதுபோல நினைவைச் சுண்டி எழுப்பினோமா, தொலைந்ததைத் திரும்பக் கொண்டுவந்தோமா? வடிவம் வீணையுடையது, மீட்டி என்றுதான் வருகிறது, மீட்டு என்று வரவில்லை. பொருள் பாதி நகையுடையது. இலங்கையில் படித்த பாடத்தைத் திரும்பப் பார்ப்பதற்கு 'மீட்டல்' என்று சொல்வார்கள், பரீட்சைக்கு முன்னால் பாடங்களை மீட்டுவார்கள், அங்கே தந்தி எதுவும் இல்லை, திருப்புதல் மட்டும்தான். மீள் என்பதன் பிறவினையாக 'மீட்டு' என்ற வடிவமும் தனியே நடமாடியிருக்கிறது என்பதற்கு அது சாட்சி. ஆகவே நினைவை மீட்டுபவர்களிடம் எது சரி என்று கேட்டால் நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன், எழுதியவருக்கே அந்த நேரத்தில் இரண்டும் சேர்ந்துதான் காதில் கேட்டிருக்கும்.